கனம் கௌடி ஐயர்

ஈகை என்றதும் நம் நினைவு பணப்பையையே நாடுகிறது. பணம் தீர்ந்தாலும் தீராத ஈகை ஒன்று உண்டு என்பதை நம் திருவள்ளூர் வட்டாரத்தில் வாழ்ந்து காட்டியவர் கனம் வில்லியம் கௌடி ஐயர்.

ஸ்காத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் 1857இல் பிறந்த அவர், வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷன் ஊழியராய் 1882இல் இந்தியா வந்தார். பின்னர், திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் தங்கிச் சேரி மக்களிடையே பணிபுரிந்தார்.

அந்நாளில் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தரிசு நிலம் வேண்டி நம் முன்னோர் விண்ணப்பித்தால், மிராசுதாரருக்கே முதலுரிமை. குடியிருந்த மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை. கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் இக்கொடுமைகளை 1891இல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. ஆயினும், ஆணை பிறந்த அளவில் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. நிலம் கேட்ட ஏழைக்கு நேர்ந்த தடைகளைக் கௌடி ஐயர் 1894இல் கட்டுரையாக எழுதி, கற்றோர் அறியச் செய்தார்.

மிஷன் பணத்தில் அரிசி வழங்கியிருந்தால் அது சில நாளில் தீர்ந்திருக்கும். அவர் வழங்கியவையோ தம் காலமும் செவியும் எழுதுகோலுமாகும். தம்மையே கொடுத்த கிறிஸ்துவைப் பின்பற்றுவோர்க்கு இதுவே தக்க காணிக்கை என்போம்.

1922இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளி திருவள்ளூரில் உள்ளது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கும் இளைஞர்களே! சம்பளம் சிறிதாயினும், மாலையில் ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லவும், எழுதத் தெரியாத மூதாட்டிக்கு ஒரு மனு எழுதித் தரவும் நம்மால் இயலுமன்றோ?