பீர் ஆலையில் ஒரு ‘மாணவர்’

கோடை வந்தால் அடுக்ககங்களில் வரும் சண்டை உங்களுக்குத் தெரியாததல்ல. டேங்கர் லாரியில் பில்லில் போட்ட அளவு தண்ணீர் வருகிறதா? ஒருவர் நாலு லோடு அளந்துவிட்டு குறைகிறது என்பார். நாலே லோடை வைத்து எப்படிச் சொல்லலாம் என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. இந்த வழக்கைத் தீர்க்க வழி சொன்னவர் ஒரு பீர் ஆலை ஊழியர். முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள்.

வில்லியம் சீலி காசெட் 1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு, 1899-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த பார்லி நல்லது, எந்த மால்ட் சரியாக வரும் என்று சோதித்துச் சொல்வது அங்கே முக்கியமான வேலை. ஆனால் வயலில் ஒரு சோதனை முடிய ஒரு பருவம் ஆகும். கையில் கிடைப்பது நாலைந்து அளவுகள்தான். அந்தக் காலத்துப் புள்ளியியல் சூத்திரங்களோ நூற்றுக்கணக்கான அளவுகள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

ஆலையே அவரை 1906-ல் லண்டனுக்கு, புள்ளியியல் மேதை கார்ல் பியர்சனிடம் படிக்க அனுப்பியது. பியர்சனுக்குப் பெரிய பெரிய தரவுகளில்தான் ஆர்வம். சின்ன மாதிரிகளின் கவலை காசெட்டுக்கு மட்டும்தான்.

அவர் செய்த சோதனையைக் கேளுங்கள். 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அளந்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. அதை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காக 750 கூட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்தின் சராசரியும் உண்மைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கையாலேயே கணக்குப் போட்டார். கணினி இல்லாத காலம். தன் சூத்திரம் சொன்னதும் அட்டைகள் காட்டியதும் நெருங்கி வருகின்றன என்று கண்டார்.

அவர் கண்டது இதுதான். அளவுகள் குறைவாக இருந்தால், அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற நம் மதிப்பீடே நம்ப முடியாததாகிவிடும். ஆகவே பிழைக்கு விடும் இடத்தை அகலமாக்க வேண்டும். நிறைய அளவுகள் இருந்தால் சராசரிக்கு இருபுறமும் திட்டப் பிழையைப் போல 1.96 மடங்கு விட்டால் போதும். நாலு அளவு மட்டும் இருந்தால் 3.18 மடங்கு விட வேண்டும்.

1908-ல் இதை ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. அதனால் ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர், என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பிறகு ரொனால்ட் ஃபிஷர் அதைச் செப்பனிட்டு, இன்று நாம் அறிந்த டி-சோதனையாக்கினார். பியர்சனும் ஃபிஷரும் பரம எதிரிகள். இருவரோடும் நட்பாக இருந்தவர் காசெட். அது சூத்திரத்தைவிடக் கடினமான காரியம் என்பேன்.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகப் போட்ட தூக்க மருந்துக் கணக்கு, ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் ‘ஸ்லீப்’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள். முதல் மருந்தால் சராசரியாக 0.75 மணி நேரத் தூக்கம் கூடியது. ஒரு-மாதிரி டி-சோதனை போட்டால் டி மதிப்பு 1.33, பி மதிப்பு 0.22. அதாவது மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் நூற்றுக்கு 22 முறை இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். இரண்டாவது மருந்துக்குச் சராசரி 2.33 மணி, டி 3.68, பி 0.005. இதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

நம் பிள்ளைகள் கல்லூரியில் இதை ஒரு நொடியில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருள் பூஜ்யத்தோடு ஒப்பிடும். தூக்க மருந்துக்கு அது சரி. டேங்கர் கணக்கில் 12,000 என்று கொடுக்க மறந்தால், லாரியில் தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும் அது பிரமாதமாக நிரூபித்துத் தரும். இன்னொன்று, பி மதிப்பு பெரிதாக வந்தால் லாரிக்காரர் நேர்மையானவர் என்று அர்த்தமில்லை. நம் அளவுகள் போதவில்லை என்றும் இருக்கலாம். இன்னும் சில லோடுகளை, வெவ்வேறு நாட்களில், அளக்க வேண்டியதுதான்.

காசெட் கடைசிவரை கின்னஸ் ஊழியராகவே இருந்தார். ஓய்வு நேரத்தில் தச்சு வேலை, மீன்பிடிப்பு, தோட்டம். 1935-ல் லண்டன் பார்க் ராயலின் புதிய ஆலைக்கு மாறினார். 1937 அக்டோபர் 16 அன்று, 61-வது வயதில் காலமானார். அவர் எழுதிய கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆசிரியர் பெயர் ‘ஸ்டூடன்ட்’ என்றே இருக்கிறது.