பத்து கோல் வாங்கிட்டு வந்த வாத்தியார்

போன செமஸ்டர் திண்டிவனத்துல நாம தோத்த அரையிறுதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வராதவங்க கூட ஸ்டேட்டஸ்ல பார்த்திருப்பீங்க. எழுபதாவது நிமிஷம் வரைக்கும் ஒண்ணுக்கு பூஜ்ஜியம்னு நாமதான் முன்னாடி இருந்தோம். அப்புறம் ஒரு பெனால்டி. ரெஃப்ரி கிட்ட வாய் கொடுத்து ரெண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போன புண்ணியவான் வேற யாருமில்லை, இதை எழுதிக்கிட்டு இருக்கிற நான்தான். பத்து பேரா ஆனதும் பி.டி. சார் நம்ம ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்து ஒரு டிஃபெண்டரை இறக்கினார். ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தோம்.

திரும்பி விழுப்புரம் வர்ற வழியில, கூட்டேரிப்பட்டு தாண்டுறதுக்குள்ளேயே பஸ்ல சண்டை ஆரம்பிச்சிடுச்சு. விக்கிரவாண்டி டோல்கேட் வர்றப்போ டீமே ரெண்டா உடைஞ்சிருந்தது. என் வாய்தான் காரணம்னு பாதி பேர், சார் ஸ்ட்ரைக்கரை எடுத்ததுதான் காரணம்னு மீதி பேர். நான் ரெண்டாவது கோஷ்டியில சேர்ந்துக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்தது, அவ்வளவுதான். அன்னையிலிருந்து பிராக்டிஸுக்கு வர்ற பதினெட்டு பேர் ஏழு பேரா ஆயிட்டாங்க. சார் மட்டும் தினமும் ஆறு மணிக்கு வந்து விசில் ஊதுறார்.

லீவுல வீட்ல உட்கார்ந்து 'மைதான்' படம் பார்த்தேன். 2024ல அஜய் தேவ்கன் நடிச்சு வந்த இந்திப் படம். சினிமான்னா கொஞ்சம் மசாலா இருக்கும்தானே, அதனால நிஜத்துல அந்த மனுஷன் யாருன்னு தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது.

ஹைதராபாத் வாத்தியார்

சையது அப்துல் ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அந்தப் பல்கலைக்கழக அணிக்கே கால்பந்தும் ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். அதாவது, நம்ம பாஷையில சொன்னா அவரும் ஒரு பி.டி. சார்தான்! ஊர் அவரை ரஹீம் சாப் என்று அழைத்தது.

1950ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த வருஷத்திலிருந்து 1954 வரை தொடர்ந்து 5 முறை அந்த அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அப்போ இந்தியக் கால்பந்துன்னா கல்கத்தாதான். அந்தப் பெரிய கிளப்புகளை ஒரு போலீஸ் டீம் வரிசையா சாய்த்தது எப்படி?

அவருடைய முறை ரொம்ப எளிமையானது. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவது அவருக்குப் பிடிக்காது. அதற்காகவே டிரிபிளிங் செய்யக்கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு போட்டியில் பலமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும். வலது கால்காரன் இடது காலால் தடுமாறித் தடுமாறியே கற்றுக்கொள்வான். நம்ம லேப் எக்ஸ்பெரிமெண்ட் மாதிரி யோசிச்சுப் பாருங்க. ஒண்ணை மட்டும் கட்டுப்படுத்தி வெச்சுட்டு மத்தது எப்படி மாறுதுன்னு பார்க்கிறது. ரஹீம் அதை மைதானத்தில் செய்தார். ஒழுங்கு என்பது அவருக்கு வெறும் அதட்டல் இல்லை, ஆட்டத்தின் விதிக்குள்ளேயே அதை வைத்துவிட்டார்.

நம்ம ஆளுங்க கதையும் இதுல இருக்கு. துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏழைப் பையன். பயிற்சிக்கு வந்து போகவே காசில்லாத நிலை. ரஹீம் அவரை விட்டுவிடவில்லை, போக்குவரத்துச் செலவைத் தானே பார்த்துக்கொண்டு வரவழைத்தார். பின்னாளில் இந்தியா கண்ட சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் அந்தப் பலராம்.

தோல்வி எண் ஒன்று: பத்து கோல்

1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ரஹீமின் இந்திய அணி இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. நாடே கொண்டாடியது. அடுத்த வருஷமே ஹெல்சின்கி ஒலிம்பிக். முதல் ஆட்டத்திலேயே யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி!

நம்ம வீரர்களில் பெரும்பாலானவர்கள் அப்போது வெறுங்காலில் ஆடியவர்கள். குளிர் நாட்டு மைதானத்தில், பூட்ஸ் போட்ட முரட்டு அணிக்கு எதிரே என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதி கொண்டுவந்தது.

பத்து கோல் வாங்கிட்டு ஊர் திரும்புற கோச் நிலைமையை நினைச்சுப் பாருங்க. நாம ரெண்டு கோலுக்கே பஸ்ல அடிச்சுக்கிட்டோம்! ரஹீம் திரும்பி வந்து தன் போலீஸ் அணியை மறுபடியும் கோப்பை வெல்ல வைத்தார். ஐரோப்பிய அணிகள், குறிப்பாக அந்தக் காலத்து ஹங்கேரி, முன்கள வீரரைப் பின்னால் இழுத்து ஆடும் முறையைக் கவனித்துப் படித்தார்.

தோல்வி எண் இரண்டு: மெல்போர்ன் அரையிறுதி

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். ஹங்கேரி வராததால் முதல் சுற்று ஆடாமலேயே தாண்டியாச்சு. காலிறுதியில் சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியும் இந்தியாதான்.

அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே யுகோஸ்லாவியா. நாலு வருஷத்துக்கு முன்னாடி பத்து கோல் போட்ட அதே நாடு. முதல் பாதி முழுக்க கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டிசோசா கோல் அடித்தார், இந்தியா முன்னிலை! ஆனால் அந்தச் சந்தோஷம் சில நிமிஷம்தான். அடுத்தடுத்து கோல்கள் விழுந்தன. கடைசியில் ஒரு சேம்சைடு கோலும் சேர்ந்து 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நான்காம் இடம்.

இந்த இடத்துல எனக்கு நம்ம திண்டிவனம் மேட்ச்தான் ஞாபகம் வந்துச்சு. முன்னிலையில இருந்துட்டு தோற்கிறது, பின்னாடியே இருந்து தோற்கிறதை விட அதிகமா வலிக்கும். கைக்கு வந்தது போச்சேன்னு தோணும்போதுதான் யார் மேல பழி போடலாம்னு மனசு தேடும். ஆனா 10-1 எப்படி 4-1 ஆச்சுன்னு பாருங்க. அதே எதிரி, நாலே வருஷம். ஸ்கோர்போர்டு ரெண்டையும் தோல்வின்னுதான் காட்டும், ஆனா ரெண்டும் ஒரே தோல்வி இல்லை.

1960ல் ரோம் ஒலிம்பிக். அந்த முறை வெண்கலம் வாங்கிய ஹங்கேரியிடம் 2-1 என்று நெருக்கமான தோல்வி. பிரான்ஸோடு 1-1 சமன். பெருவிடம் 3-1 தோல்வி. முதல் சுற்றோடு வெளியே. அந்த அணியில் ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீமும் இருந்தார். இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தா போன அணியில் ஹக்கீம் பெயர் இல்லை. அப்பா கோச்சா இருந்தும் அணியில் இடமில்லை என்றால், மற்றவர்கள் எவரும் என்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்க முடியுமா?

ஜகார்த்தா, 1962

இப்போ முக்கியமான கட்டம். ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். உடம்பு உருக்குலைந்துகொண்டிருக்கும் நிலையில்தான் ஆசிய விளையாட்டுக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி.

அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூண் ஜர்னைல் சிங்கின் தலை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஒன்றை நினைவில் வையுங்கள், அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் கிடையாது. ஒருத்தர் விழுந்தா பத்து பேரோடதான் ஆடணும். ஜப்பானை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் ஜர்னைல் ஆடவில்லை.

அரையிறுதியில் தென்வியட்நாம். ரஹீம் ஒரு முடிவெடுத்தார். தலையில் கட்டோடு இருக்கும் ஜர்னைலை, வழக்கமான தடுப்பாட்ட இடத்தில் இல்லாமல், முன்னால் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்! உங்க டீமோட நம்பர் ஒன் டிஃபெண்டரை, அதுவும் அடிபட்டவரை, அரையிறுதியில ஸ்ட்ரைக்கரா இறக்கினா நீங்க என்ன சொல்வீங்க? தோத்திருந்தா ரஹீமை யாரும் மன்னிச்சிருக்க மாட்டாங்க. ஜர்னைல் கோல் அடித்தார். கேப்டன் சுனி கோஸ்வாமியும் அடிக்க, இந்தியா 3-2 என்று வென்றது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரணி, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. ஆட்டத்தை விடப் பெரிய பிரச்சினை வெளியே இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிக்கு இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி அதைக் கண்டித்தார். அதனால் ஊரே இந்தியா மேல் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செனயன் அரங்கத்தில் சுமார் 1 லட்சம் பேர். நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள். வீரர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை, இருந்தும் அத்தனை கோபமும் அவர்கள் தலையில்.

ரஹீம் இன்னொரு முடிவும் எடுத்திருந்தார். காய்ச்சலால் ஒதுங்கியிருந்த பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்தில் கோல் காவலுக்கு நிறுத்தினார். தங்கராஜ் யார் தெரியுமா? ஆறடிக்கு மேல் உயரம், நம்ம வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் வளர்ந்தவர். முந்தின ஆட்டங்களில் நன்றாகவே ஆடிய பிரத்யுத் பர்மன் வெளியே உட்கார வேண்டியதாயிற்று.

பதினேழாவது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல். இருபதாவது நிமிஷம், கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் சிங் கோல். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொரியா ஒன்று திருப்பியது. அதோடு சரி. 2-1, தங்கம் இந்தியாவுக்கு. ஒரு லட்சம் பேர் கத்தியும் நம்ம பதினோரு பேர் கூட்டத்தோடு மல்லுக்கட்டவில்லை, பந்தோடு மட்டும்தான் ஆடினார்கள்.

அதுதான் ரஹீமின் கடைசிப் பெரிய போட்டி. 1963 ஜூன் 11 அன்று, 53 வயதில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவே இல்லை. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கும் தகுதி பெறவில்லை.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம்

ஜெயிச்ச முடிவை எல்லாரும் புத்திசாலித்தனம்னு சொல்வோம். தோத்த முடிவை முட்டாள்தனம்னு சொல்வோம். ஆனா முடிவு எடுக்கிற நிமிஷத்துல அது எப்படி முடியும்னு கோச்சுக்குத் தெரியாது. ஜர்னைலை முன்னால் நிறுத்தின ரஹீமும், நம்ம ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்த பி.டி. சாரும் அந்த விஷயத்துல ஒண்ணுதான். சார் முடிவு சரியா தப்பான்னு நான் இன்னும் யோசிக்கிறேன். தப்பாவே கூட இருக்கலாம். ஆனா அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்தது என் வாய். பதினோரு பேரா இருந்திருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு அந்த கிரவுண்டுல மிஞ்சிப் போனா முந்நூறு பேர் இருந்திருப்பாங்க. யாரும் நம்மளை எதுவும் பெருசா சொல்லல. ஒரு விசிலுக்கே நான் நிதானம் இழந்துட்டேன். ஜகார்த்தாவில் ஒரு லட்சம் பேர்!

சாரி சொல்றதுக்கு கட்டுரை எழுதணுமான்னு நீங்க கேட்கலாம். சார் கிட்ட நேர்லயும் சொல்லிட்டேன். அவர் அதைப் பத்தி ஒண்ணும் பேசல, இடது காலால பத்து தடவை பந்தை சுவத்துல அடிக்கச் சொன்னார். ஏழு வாட்டி தப்பா போச்சு.

டீம்ல இருந்து விலகிப் போன பதினொரு பேர்ல நானும் ஒருத்தன். நான் திரும்பி வந்தாச்சு, இப்போ எட்டு பேர். இதைப் படிக்கிற மத்த பத்து பேருக்கும் சொல்றேன், யார் மேல தப்புங்கிற கணக்கை என் பேர்லயே எழுதிக்கோங்க. காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு மட்டும் வந்துடுங்க. ஷூவை மறக்காதீங்க.