பார்க்காத ராட்டையை நம்பிய காந்தி: 50 வயதை நெருங்கும்போது நூல் நூற்கக் கற்றது எப்படி?

காந்தி என்றதும் ராட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ராட்டையை அவர் பல ஆண்டுகள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்பது தெரியுமா?

1909-ல் லண்டனில் இருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை எழுதினார் காந்தி. இந்தியாவின் வறுமைக்குக் கைத்தொழில்தான் மருந்து என்று அப்போதே நம்பினார். ஆனா, கைத்தறியையோ ராட்டையையோ அதுவரை பார்த்த ஞாபகமே இல்லை என்று தன் சுயசரிதையில் பிறகு ஒப்புக்கொண்டார்.

தறி இருந்தது, நூல் இல்லை

1915-ல் இந்தியா திரும்பி, அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கினார். தறிகள் வந்தன. ஆனால், அங்கிருந்த யாருக்கும் நெய்யத் தெரியாது. வெளியில் இருந்து ஒருவரை வரவழைத்து, மகன்லால் காந்தி முதலில் பழகி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த சிக்கல் நூல். அதற்கு மில்லைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மில்களோ தங்கள் நூலில் தாங்களே துணி நெய்யத்தான் விரும்பின. நூலையும் கையால் நூற்றால்தான் வழி பிறக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனால், ராட்டைக்கு எங்கே போவது?

பரணில் கிடந்த ராட்டைகள்

1917-ல் பரூச்சில் நடந்த கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தாரைச் சந்தித்தார் காந்தி. துணைக்கு ஆள் இல்லாமல் எங்கும் போய் வருபவர், குதிரை சவாரி தெரிந்தவர், கணவரை இழந்தவர். ராட்டையைத் தேடித் தரும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். குஜராத் முழுக்க அலைந்து, பரோடா சமஸ்தானத்தில் உள்ள விஜாபூரில் கண்டுபிடித்தார்.

பல வீடுகளில் ராட்டை பரணில்தான் கிடந்தது. பஞ்சுத் திரி கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொண்டால் மறுபடி நூற்கத் தயார் என்றார்கள். அதாவது, மெஷின் இருந்தும் பஞ்சு கொடுக்க ஆளில்லை, நூலை வாங்கவும் ஆளில்லை. ராட்டை நின்றுபோனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

பம்பாய் அறையில் பாடம்

அந்தச் சமயத்தில் காந்தி உடம்பு சரியில்லாமல் பம்பாயில் இருந்தார். 50 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் அறையிலேயே ராட்டை சுற்றத் தொடங்கியது. தான் குணமானதில் அதன் சத்தத்துக்கும் பங்கு உண்டு என்று நம்பினார்.

நூற்பது பார்க்க சுலபம்தான். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், இன்னொரு கை திரியை இழுக்கும். வேகமாக இழுத்தால் நூல் அறுந்துபோகும். மெதுவாக இழுத்தால் முறுக்கு ஏறிச் சுருண்டுகொள்ளும். இரண்டு கையும் ஒத்துப்போகும் வரை பொறுமை வேண்டும். இன்று நாவலூர் ஃபிளாட்டில் பின்னல் மெஷின் வாங்கிவைத்து, வீடியோ பார்த்துப் பழகுபவருக்கும் இதே கதைதான்.

திரிக்காக, அந்தத் தெரு வழியே போகும் மெத்தைப் பஞ்சு அடிப்பவரைப் பிடித்தார்கள். அவர் கேட்ட கூலியோ அதிகம். ஆசிரமத்தில் தயாரான முதல் கதர் துணியின் அடக்கவிலை கெஜத்துக்கு 17 அணா. அந்தக் காலத்தில் அது பெரிய விலை.

ரூ.1 லட்சம் பரிசு

1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியதை நாம் அறிவோம். ஏழைகளால் முழு ஆடைக்குக் கதர் வாங்க முடியாது என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

விலை குறைய வேண்டும் என்றால் ராட்டை மேம்பட வேண்டும். 1929-ல் சிறந்த ராட்டைக்கு ரூ.1 லட்சம் பரிசு அறிவிக்கப்பட்டது. விலை 150 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு பெண் 8 மணி நேரம் சிரமமில்லாமல் இயக்க வேண்டும், 20 ஆண்டு உழைக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. எரவாடா சிறையில் இருந்தபோது, பெட்டி போல மடித்து எடுத்துப்போகும் சிறிய ராட்டையில் காந்தியே கவனம் செலுத்தினார்.

1947-ல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு காந்தி அனுப்பியதும், தன் கையால் நூற்ற நூலில் செய்த பின்னல் துணிதான்.

1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு, ஒரே நேரத்தில் பல இழைகள் நூற்கும் அம்பர் ராட்டை வந்தது. அதை உருவாக்கியவர் ஒரு தமிழர். அவர் பெயர் ஏகாம்பரநாதன். அம்பர் என்ற பெயரும் அவர் பெயரில் இருந்து வந்ததுதான்.