ஏறவும் இறங்கவும் கற்றவர்

விண்ணில் ஏறுதல் அரிது. ஏறியவர் இன்னலின்றி மண்ணில் இறங்குதல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் ஆராய்ந்து கண்ட பெருமகனார் ஆர்வில் ரைட் ஆவார். அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், 1871ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் டேட்டன் நகரில் இவர் பிறந்தார். இவரும் தமையனார் வில்பரும் அந்நகரில் சைக்கிள் கடை நடத்தி வந்தனர். அங்கேயே தம் கைகளால் விமானங்களையும் உருவாக்கினர்.

1902ஆம் ஆண்டில், கிட்டி ஹாக் மணல்வெளியருகே இருவரும் பொறியில்லாத சறுக்கு விமானத்தில் பறந்து பழகினர். சாய்ந்த விமானத்தை நிமிர்த்தச் சிறகுகளை முறுக்கியபோது, ஒரு சிறகில் காற்றுத்தடை மிகுந்தது. விமானம் சுழன்று மணலில் மோதியது. ஆர்வில் ஓரிரவு உறங்காது எண்ணி, அசையாதிருந்த வால்தட்டைத் திரும்பும் சுக்கானாக மாற்ற வழி கண்டார். அதனைச் சிறகின் முறுக்கோடு இணைக்கலாம் என்றார் வில்பர். இடர் நீங்கிற்று. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், பொறி பூட்டிய விமானத்தில் ஆர்வில் 12 விநாடிகளில் 120 அடி தொலைவு பறந்தார்.

துன்பங்களும் தொடர்ந்தன. 1908இல் சுழல்விசிறி முறிந்து விமானம் வீழ்ந்தது. உடன் பறந்த செல்பிரிட்ஜ் என்னும் படை அதிகாரி உயிர் துறந்தார்; ஆர்வில் எலும்புகள் முறிந்து படுக்கையுற்றார். 1912இல் வில்பரும் நச்சுக் காய்ச்சலால் மறைந்தார். ஆயினும் ஆர்வில் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை.

காற்றுத்தடை குறைந்த விமானம் விரைந்து செல்லும். ஆனால் இறங்கும்போது அதன் வேகம் எளிதில் அடங்காது. ஆகவே, மெதுவாகப் பறக்கையிலும் விமானத்தைத் தாங்கும் ஏந்துவிசையைப் பெருக்குவதா, தடையைப் பெருக்குவதா என்னும் வினா எழுகின்றது. ஆர்வில், ஜேம்ஸ் ஜேக்கப்ஸ் என்பவருடன் கூடி, இரு பயனும் தரும் கருவியொன்றைக் கண்டார். சிறகின் பின்பகுதியில் அடித்தட்டு மட்டும் கீலில் பிளந்து கீழ்நோக்கித் திறக்கும். சிறிது திறந்தால் ஏந்துவிசை பெருகும். அகலத் திறந்தால் தடையும் மிகும். வேகம் கூடாமலே செங்குத்தான சரிவில் இறங்கலாம். 1924இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அக்காலத்து விமானங்கள் பல மெதுவாகவே பறந்தமையால், இதன் அருமை உடனே விளங்கவில்லை. விரைவு விமானங்கள் பெருகியபின் இது பெரிதும் வேண்டப்பட்டது. 1935ஆம் ஆண்டு, அதே டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3 விமானத்தின் சிறகுகளில் இத்தகைய பிளவு மடல்களே அமைந்திருந்தன.

1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் ஆர்வில் மறைந்தார். இளமையில் தம்மை மணலில் வீழ்த்திய காற்றுத்தடையையே, பின்னாளில் பறப்போரைக் காக்கும் துணையாக்கிய பெருமை அவருக்கு உரியது.