சாஃப்ட்வேர் வெளியானதும் வேலை முடிஞ்சுதா? கிரேஸ் ஹாப்பர் வாழ்க்கை சொல்லும் பதில்

உங்க போனில் இருக்கும் ஆப் அடிக்கடி அப்டேட் கேட்கும். நல்லாத்தானே ஓடுது, இன்னும் என்ன மாத்துறாங்க என்று தோன்றும். அதற்கான பதில், கம்ப்யூட்டர் உலகின் முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கையில் இருக்கு.

யார் இவர்?

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டில், சுமார் 51 அடி நீள மார்க் 1 கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது.

எந்தச் சிக்கலைத் தீர்க்க நினைத்தார்?

அப்போ ஏற்கெனவே சரியாக ஓடிய கோடுகளை, புதுப் புரோகிராமுக்காகக் கையால் பார்த்து எழுதுவாங்க. ஒரு எண் தவறினாலும் கணக்கு மொத்தமும் தப்பாகிடும். இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று திட்டமிட்டு, 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். முதலில் பலரும் நம்பலை. ஆனாலும் விடாமல், ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை கொடுக்கும் ஃப்ளோ-மேட்டிக் மொழியைத் தன் குழுவுடன் கொண்டுவந்தார்.

வெளியீடு எப்படி நடந்தது?

ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது என்பதுதான் அடுத்த தலைவலி. இதற்குப் பொதுவான மொழி வேண்டும் என்று 1959-ல் பென்டகனில் கூடிப் பேசினார்கள். ஒரு குழு கோபோல் மொழியை வடிவமைத்தது. அதில் ஃப்ளோ-மேட்டிக்கின் தாக்கம் அதிகம். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். 1960 டிசம்பரில், கிட்டத்தட்ட ஒரே புரோகிராம் இரண்டு வேறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் ஓடிக் காட்டியது.

அதோட முடிஞ்சுதா?

இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு ஏற்ப கோபோலை மாற்றியது. பொது மொழி என்ற நோக்கமே அடிபட ஆரம்பித்தது. 1966 கடைசியில் ஓய்வு பெற்றிருந்த ஹாப்பரை, 1967-ல் 6 மாதத்துக்கு மட்டும் என்று கடற்படை திரும்ப அழைத்தது. கம்பைலர்கள் விதிமுறைப்படி இயங்குதா என்று பார்க்கும் சோதனைப் புரோகிராம்களை அவர் குழு உருவாக்கியது. அந்த 6 மாதம் நீண்டுகொண்டே போச்சு. கடைசியாக 1986-ல், 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992-ல் காலமானார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

இடத்தை மிச்சப்படுத்த, பழைய புரோகிராம்கள் பலவற்றில் ஆண்டை 2 இலக்கமாக மட்டும் எழுதினாங்க. 2000 நெருங்கியபோது அவற்றைத் தேடித் தேடித் திருத்த வேண்டியதாச்சு. அதில் கோபோல் புரோகிராம்கள் ஏராளம். எழுதியவங்க ஓய்வு பெற்றுப் போன பிறகும் கோடு ஓடிக்கிட்டே இருந்ததுதான் காரணம். இன்றும் பல வங்கிகளில் கோபோல் ஓடுது.

திட்டம், கோடு, சோதனை, வெளியீடு எல்லாம் சில வருஷத்தில் முடிந்துவிடும். பராமரிப்புக்கு முடிவு தேதி கிடையாது. அடுத்த முறை ஆப் அப்டேட் கேட்டால், யாரோ அந்த வேலையை இன்னும் பார்த்துக்கிட்டு இருக்காங்க என்று அர்த்தம்.