டிராம் வண்டியில் அடிபட்ட ஆலயச் சிற்பி

ஸ்பெயின் நாட்டில் 1852-ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனி கௌடி. பார்சலோனா நகரின் திருக்குடும்ப ஆலயத்தைக் கட்டும் பொறுப்பை 1883-இல் ஏற்று, 43 ஆண்டுகள் அதற்காக உழைத்தார். முதிர்ந்த வயதில் ஏழையைப் போல் பழைய உடையே உடுத்தினார்.

1926 ஜூன் 7 அன்று, வழக்கம்போல் புனித பிலிப்பு நேரி ஆலயத்திற்குச் செபிக்க நடந்து சென்றார். வழியில் பெருவீதியைக் கடக்கையில் டிராம் வண்டி மோதி நினைவிழந்தார். தண்டவாளத்தில் ஓடும் டிராம் விலகிப் போக இயலாது; சட்டென நிற்கவும் முடியாது. விலக வேண்டியவர் நடப்பவரே.

கந்தலைக் கண்டவர்கள் பிச்சைக்காரர் என எண்ணினர். வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஏற்றிச் செல்ல மறுத்தனர். ஒருவாறாக ஏழைகளின் திருச்சிலுவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் யாரென்பது மறுநாளே தெரிந்தது. இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்று, ஜூன் 10 அன்று தம் 73-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நகரமே திரண்டு வந்து வழியனுப்ப, தாம் கட்டிய ஆலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! பாதையைக் கடக்குமுன் இருபுறமும் பார்ப்போம். வீதியில் வீழ்ந்து கிடப்பவரின் உடையைப் பாராமல், அவரில் ஆண்டவரைக் கண்டு கைகொடுப்போம்.