68 வயதில் உலக சாதனை படைத்த மெக்கானிக்

வயது 68. நெஞ்சு வலி உள்ளவர். கையில் பணம் அதிகம் கிடையாது. அவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளோ 47 ஆண்டுப் பழையது.

இப்படிப்பட்ட ஒருவர் உலக வேக சாதனை படைக்க முடியுமா?

படைத்துக் காட்டினார் பர்ட் மன்றோ. நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த இந்த மெக்கானிக்கின் வாழ்க்கை, கதையைப் போல இருக்கும். ஆனால் நடந்தது அத்தனையும் உண்மை.

பிழைக்காது என்ற குழந்தை

நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1899ஆம் ஆண்டு மார்ச் 25ந் தேதி பர்ட் மன்றோ பிறந்தார்.

அவர் இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். உடன் பிறந்த பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. இந்தக் குழந்தையும் 2 வயதைத் தாண்டாது என்று டாக்டர்கள் பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது.

பக்கத்தில் உள்ள ஈடன்டேலில் தந்தைக்குப் பண்ணை இருந்தது. சிறுவன் மன்றோவுக்குச் சின்ன வயதிலேயே வேகத்தில் ஆசை. பண்ணையில் எந்தக் குதிரை வேகமாக ஓடுமோ, அதன் மீதுதான் ஏறுவார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை.

1915ல் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது இங்கிலாந்தில் தயாரான டக்ளஸ் வண்டி. அடுத்து வாங்கிய கிளைனோ வண்டியும் இங்கிலாந்துத் தயாரிப்புதான். அதன் பக்கப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தயத்தில் ஓட்டினார்.

இந்தியன் வந்தது

1920ல் அவர் வாங்கிய வண்டிதான் அவருடைய தலையெழுத்தை மாற்றியது. அதன் பெயர் "இந்தியன் ஸ்கவுட்". பெயர் இந்தியன் என்றாலும் அமெரிக்காவில் செய்த வண்டி அது. என்ஜின் 600 சி.சி. மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோ மீட்டர்தான் அதன் உச்ச வேகம்.

இதைவிட வேகமான வண்டியை விலை கொடுத்து வாங்க மன்றோவிடம் பணம் இல்லை. ஆகவே இருக்கும் வண்டியையே வேகமாக்குவது என்று முடிவு செய்தார். 1926ல் வேலையைத் தொடங்கினார். அதன் பிறகு 50 ஆண்டுகளாக அந்த வேலை முடியவே இல்லை!

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. வேலை முடிந்து வந்ததும் கொட்டகைக்குள் புகுந்துவிடுவார். பல நாள் விடிய விடிய அங்கே விளக்கு எரியும்.

தகர டப்பாவில் பிஸ்டன்

லேத் பட்டறை முதலாளிகளுக்கு இருக்கும் வசதி ஏதும் அவருக்கு இல்லை. கடையில் பாகம் வாங்கவும் பணம் இல்லை. எனவே பிஸ்டனைத் தாமே வார்த்தார். பழைய பிஸ்டன்களை உருக்கி, தகர டப்பாக்களை அச்சாக வைத்து ஊற்றினார். சிலிண்டர், பிளைவீல் எல்லாம் அவர் கைவேலைதான்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடை, பழைய டிராக்டர் ஆக்சில் இரும்பிலிருந்து அறுத்து, அரத்தால் ராவி எடுத்தார். மயிரிழை அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைக்கூட, சக்கரத்தின் பழைய போக்ஸ் கம்பியைக் கொண்டு தாமே செய்துகொண்டார்.

வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்த என்ஜின் அது. அவற்றை மேலே இருக்கும்படி மாற்றினார். இதனால் காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போயின. சக்தி கூடியது. 600 சி.சி. என்ஜின் படிப்படியாக 850 ஆகி, கடைசியில் 950 சி.சி. ஆயிற்று.

இதோடு இன்னொரு வண்டியும் அவரிடம் இருந்தது. 1936ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தயாரான வெலோசெட். அதையும் இதே போலப் பிரித்து மேய்ந்து, வேகத்தைக் கூட்டினார்.

காணிக்கை அலமாரி

சக்தியைக் கூட்டக் கூட, பாகங்கள் தாங்கவில்லை. பிஸ்டன் உருகும். ராட் முறிந்து என்ஜினையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் இரும்புத் துண்டாகிவிடும்.

மன்றோ அவற்றை வீசி எறியவில்லை. அலமாரியில் வரிசையாக அடுக்கினார். அவை வேகத் தெய்வத்துக்குத் தாம் செலுத்திய காணிக்கை என்று அதன் மேல் எழுதியும் வைத்தார். எது ஏன் உடைந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த பாகத்தைச் செய்தார்.

இந்த வெறிக்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. 1927ல் திருமணமாகி 4 குழந்தைகள் பிறந்தன. 1940களில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். வேலையையும் விட்டுவிட்ட மன்றோ, வண்டிகள் நின்ற கொட்டகையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு வாழத் தொடங்கினார்.

உப்பு மைதானம்

ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரேட்டி கடற்கரை மணலில் ஓட்டி, நாட்டு அளவில் சாதனைகள் படைத்தார். ஆனால் அவர் கனவு வேறு இடத்தில் இருந்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போனவில் என்ற உப்பு மைதானம் உள்ளது. மிகப் பழங்காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிய இடம் அது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். கோடையில் காய்ந்து, வெள்ளை வெளேர் என்று மைல் கணக்கில் சமதரையாகிவிடும். மரம் இல்லை, மேடு இல்லை. உலகின் வேகக்காரர்கள் கூடும் இடம் அது.

அங்கே ஓட்டுவது சுலபம் அல்ல. உப்புத் தரையில் சக்கரம் வழுக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் காற்று லேசாக இருக்கும். என்ஜினின் சக்தி குறையும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இதற்காகவே வண்டியை மூடும் கூட்டையும் மன்றோ தம் கையாலேயே செய்தார். அதற்குள் குப்புறப் படுத்தபடிதான் ஓட்ட வேண்டும்.

முதல் முறை மைதானத்தைப் பார்க்க மட்டும் போனார். பிறகு 9 முறை போட்டியிடப் போனார். சேமிப்பும் ஊர் நண்பர்களின் உதவியும்தான் வழிச் செலவு. வண்டியோடு கப்பல் ஏறுவார். அமெரிக்காவில் இறங்கி மலிவு விலையில் பழைய காரை வாங்கி, அதில் வண்டியைக் கட்டி இழுத்துப் போவார்.

இதற்குள் அவருக்கு நெஞ்சு வலியும் வந்துவிட்டது. ஆனாலும் பயணத்தை நிறுத்தவில்லை.

மூன்று சாதனைகள்

1962ல் 883 சி.சி. பிரிவில் மணிக்கு சுமார் 288 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். அப்போது வயது 63. 1966ல் 1,000 சி.சி. பிரிவில் மற்றொரு சாதனை.

1967 ஆகஸ்டில் மூன்றாவது சாதனை. போக ஒரு முறை, வர ஒரு முறை ஓட்டி, இரண்டின் சராசரியை எடுப்பது அங்கு விதி. சராசரி மணிக்கு 183.59 மைல் என்று அறிவித்தார்கள். அதாவது 295 கிலோ மீட்டர். அந்த ஆண்டு ஒரு வழி ஓட்டத்தில் 190 மைலையும் தொட்டார்.

55 மைல் ஓடிய வண்டி, ஒரு மனிதனின் கை உழைப்பால் அதைப்போல் மூன்று மடங்கு வேகத்துக்கு மேல் ஓடியது!

ஆபத்தும் வந்தது. ஒரு முறை முழு வேகத்தில் வண்டி ஆடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க மன்றோ நிமிர்ந்தார். காற்று அவர் கண்ணாடியைப் பிய்த்தெறிந்தது. கண் தெரியவில்லை. பாதையைக் காட்டும் இரும்புக் கம்பத்தை நூலிழையில் தப்பி, வண்டியைச் சாய்த்து விழுந்தார். சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார்.

கடைசி நாட்கள்

1977ல் அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. இனி வண்டியைத் தொட முடியாது என்று தெரிந்ததும், இரண்டு வண்டிகளையும் உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு விற்றார். ஊரை விட்டு வண்டிகள் போகக்கூடாது என்பது அவர் விருப்பம். 1978 ஜனவரி 6ந் தேதி, 78வது வயதில் காலமானார்.

2005ல் அவர் கதை ஆங்கிலத்தில் சினிமாப் படமாக வந்தது. மன்றோவாக அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தார்.

கதை அதோடு முடியவில்லை. 1967ஆம் ஆண்டுச் சாதனையின் சராசரியைப் போட்டதில் கணக்குப் பிழை இருந்ததை அவருடைய மகன் கண்டுபிடித்தார். சங்கத்தார் கணக்கைச் சரி பார்த்தார்கள். 2014ல் சாதனை 184.087 மைல் என்று திருத்தப்பட்டது.

அரை மைல் வேகம் கூடியது. அந்த அரை மைலுக்காக எத்தனை இரவு கண் விழித்திருப்பார் மன்றோ! அது தமக்குக் கிடைத்தது என்பதை அறியாமலேயே, 36 ஆண்டுகளுக்கு முன் அவர் கண்களை மூடியிருந்தார்.